கூப்பிட்டால் திரும்பாதவர்

தூரத்தில் இருந்து கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், தகரம் அடித்த சின்ன அறையில் அவருடைய சலூன் இருந்தது. மேலே லயத்தில், வரிசை வீடுகளின் வாசலில் நின்றுகொண்டு யாராவது "ஏய், பெட்டிய எடுத்துட்டு மேல வா" என்று கத்தினால், கீழே அவர் கத்திரிக்கோலை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே இருப்பார். புதிதாக வந்த கணக்கப்பிள்ளை ஒருவர் அவருக்குக் காது மந்தம் என்றே நம்பிவிட்டார். ஆனால் கூப்பிட்ட அதே ஆள் இறங்கி வந்து கடை வாசலில் கால் வைத்தால் போதும். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் இவர் திரும்பி, நாற்காலியை ஒரு துணியால் தட்டிவிட்டு, "உக்காருங்க" என்பார்.

எல்லோருக்கும் அந்த 'ங்க' உண்டு. முன்பள்ளிக்குப் போகிற பிள்ளை வந்தாலும் "உக்காருங்க"தான். வெட்டி முடித்ததும் ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, பிடரி தெரிகிற மாதிரி காட்டுவார். தலையாட்டும்வரை கண்ணாடியை எடுக்க மாட்டார். எனக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதே கூச்சம். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிடுவேன். அவருக்கு அது தெரியும். "பார்த்தீங்களா?" என்று கேட்பார். "பார்த்தேண்ணே" என்பேன். சிரிக்காமல் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைப்பார்.

அந்தச் சுழல் நாற்காலியை, நாவலப்பிட்டியில் மூடிப்போன ஒரு சலூனில் இருந்து உர லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தாராம். இரும்பு நாற்காலி. அது வருவதற்கு முன்பு எங்கள் தோட்டத்தில் முடி வெட்டிக்கொள்வதென்றால், லயத்துச் சாக்கடைக் கானோரம் ஒரு கல்லில் உட்கார வேண்டும். அவருடைய அப்பா பின்னால் குந்திக்கொண்டு வெட்டுவார். அந்தப் பெரியவருக்குத் தேயிலை மலையில் வேலை கிடையாது. லயம் லயமாகப் போய் முடி வெட்டுவதற்கே அவருக்குப் பேர் போட்டு நாட்சம்பளம் கொடுத்தார்கள். யாராவது செத்தாலும் அவர்தான். கொள்ளி வைக்கிற மகனுக்கு, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் மொட்டை போடுவதில் இருந்து, கருமாதி முடியும்வரை எல்லா எடுபிடியும் அவர் தலையில். சின்னப் பிள்ளைகள்கூட அவரை "வாடா போடா" என்றுதான் சொல்லும்.

இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். மழைக்காலம், கடையில் வேறு யாரும் இல்லை.

"எங்கப்பா நிமிந்து நின்னு நான் பார்த்ததே இல்ல தம்பி. குந்திக் குந்தி முட்டி மடங்கிப் போச்சு. செத்த பொறகு பெட்டியில வைக்கக்கூட காலை நீட்ட முடியல."

சொல்லிவிட்டுச் சீப்பைத் துடைக்கத் தொடங்கினார். அதனால்தான் அவர் சாவு வீட்டு வேலைக்குப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் யாராவது இறந்தால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வேறொருவரை ஆட்டோவில் அழைத்து வருவார்கள். வயதானவர்களுக்கு அதில் பெரிய கோபம். "அவங்கப்பன் செஞ்சான், தாத்தன் செஞ்சான், இவருக்கு மட்டும் நாற்காலி கேக்குதோ" என்று அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அவர் அதற்கும் திரும்ப மாட்டார்.

என் அப்பாவும் அப்படிப் பேசியவர்தான். அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகவே மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறிப்போய்ச் சவரம் செய்துகொண்டு வருவார். பிறகு ஒருநாள் பீலியில் குளித்துவிட்டு வரும்போது விழுந்தார். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கட்டிலோடு ஆகிவிட்டார். தாடி வளர்ந்து, சோறு ஊட்டும்போது அதில் ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சவரம் செய்துவிடத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் பெட்டியோடு அவர் நின்றார். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தைரியமும் எனக்கு இல்லை.

"நாற்காலி எதுக்குடா? கட்டில்லயே செய்யி" என்றார் அப்பா.

அவர் நாற்காலியை வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார். துணியால் தட்டினார். "உக்காருங்க" என்றார்.

நானும் அவருமாக அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, சரிந்துவிடாமல் இருக்க ஒரு துண்டால் நெஞ்சோடு கட்டினோம். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தார். சவரம் முடிந்து கண்ணாடியைக் காட்டியபோது வெகுநேரம் அதையே பார்த்தார். விழுந்த பிறகு அன்றுதான் அவர் தன் முகத்தைப் பார்க்கிறார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். நாற்காலியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். ஞாயிறு காலை என்றால் அப்பா விடியும் முன்பே எழுந்து, "உக்கார வை, உக்கார வை" என்று என்னை அவசரப்படுத்துவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள்.

"நான் போயிட்டா எம்மகனுக்கு மொட்ட போட நீதான்டா வரணும்" என்பார் அப்பா.

"அதுக்கு வேற ஆளப் பாருங்க. நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும்தான் நம்ம கணக்கு."

அப்பா சிரிப்பார். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். எப்போது நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஒரு ஞாயிறு அவர் வாசலுக்கு வந்தபோது அப்பா "வாங்க" என்றார். நான் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தேன். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு மட்டும் சவரம் முடிய வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

லைசன்ஸ் விஷயம் வந்தது அந்த நாட்களில்தான். சலூன் நடத்துகிறவர்கள் தொழில் தெரியும் என்பதற்கு அரசாங்கச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இனி அதைக் காட்டினால்தான் கடைக்கு அனுமதி என்று பிரதேச சபையில் இருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் படிக்க வேண்டும். ஏற்கனவே வேலை செய்கிறவர்கள் படிக்கத் தேவையில்லை. ஹட்டனுக்குப் போய் இரண்டு பரீட்சகர்கள் முன்னால் வேலையைச் செய்து காட்டினால் போதும். கத்தி, கத்திரிக்கோல், துணி எல்லாம் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். முடி வெட்டிக்கொள்வதற்கு ஓர் ஆளையும் சொந்தமாகவே அழைத்துப்போக வேண்டும். அந்த ஆளுக்குக் காதை மூடுகிற அளவு முடி இருக்க வேண்டும், தாடியும் வேண்டும்.

மற்றவர்கள் இதைக் கேட்டுச் சலித்துக்கொண்டார்கள். அவர் மட்டும் சந்தோஷப்பட்டார். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"சான்றிதழ மாட்ட. நாளைக்கு எவனாச்சும் வந்து அப்பன் செஞ்சான் தாத்தன் செஞ்சான்னு பேசினா, நான் வாயத் தொறக்க வேண்டியதில்ல பாருங்க. அந்தா தொங்குதுன்னு கையக் காட்டிட்டு என் வேலையப் பார்ப்பேன்."

பேசாமல் தப்பிக்க ஒரு வழி என்றதும் எனக்கு அது நன்றாக விளங்கியது. அவர் முடிக்கு ஆள் தேடியபோது, நானே வருகிறேன் என்றேன். வேறு எதற்கும் நானாக முன்வந்ததாக நினைவில்லை.

அப்படித்தான் நான் முடியும் தாடியும் வளர்க்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் சும்மா யாரும் தாடி வளர்ப்பதில்லை. மாலை போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் மனைவி பிள்ளை உண்டாகியிருக்க வேண்டும். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. கொழுந்து நிறுத்துப் போடும் இடத்தைத் தாண்டிப் போனால் பெண்கள் விடமாட்டார்கள். "என்ன அண்ணே, வீட்டுல முழுகாம இருக்காங்களா? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் கூடையோடு குலுங்கிச் சிரிப்பார்கள். நான் வேலை செய்யும் மஸ்கெலியா ஹார்ட்வெயார் கடையின் முஸ்லிம் முதலாளி நானா, "தம்பி சபரிமலைக்குப் போறீங்களா, எங்க பள்ளிக்கு வாறீங்களா? எதுன்னாலும் முன்கூட்டியே சொல்லுங்க, லீவு தரணும்ல" என்றார். முகம் சூடாகிவிடும். ஆனாலும் வெட்டவில்லை.

மாலையில் வேலை முடிந்து வந்ததும் கடையில் பழகிப் பார்ப்போம். முடியை வெட்டாமல், கத்திரிக்கோலைக் காற்றில் அசைத்து, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று காட்டுவார். பரீட்சையில் வாய்க் கேள்வியும் உண்டாம். நான் கேட்பேன், அவர் பதில் சொல்லுவார்.

"வாடிக்கையாளருக்குக் கத்தி கீறிருச்சு. என்ன செய்வீங்க?"

"கீற மாட்டேன்னு சொல்லலாமா?"

"அது பதில் இல்லண்ணே."

"அப்ப மன்னிப்புக் கேப்பேன். அப்புறம் மருந்து. அப்புறம் மறுபடியும் மன்னிப்பு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் அப்பா இறந்துபோனார். தேத்தண்ணீர் கொடுக்கப் போனேன். கண் திறந்தபடி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். மகன் நான் ஒருவன்தான். எனவே மொட்டை எனக்குத்தான். அழுகைக்கு நடுவிலும் அது எனக்கு உறைத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரரை அழைத்துவர ஆட்டோ போய்விட்டது. நான் சித்தப்பாவிடம் போய், மொட்டையைக் கருமாதி அன்றைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன். மெதுவாகக் கேட்டதை அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஆக்கினார்.

"பெத்த அப்பனுக்கு மயிரக் குடுக்க மனசு வரலியாடா ஒனக்கு? என்ன சினிமாவுல நடிக்கப் போறியா?"

தப்பு அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால், சலூன்காரன் லைசன்ஸுக்காகவா என்று சண்டை அவர் பக்கம் திரும்பும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சித்தப்பா பேசிக்கொண்டே போனார்.

கூட்டத்துக்குக் கடைசியில் அவர் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மாலையோடு வந்தவர். மாலையை அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஆட்டோ வருவதற்குள் பெட்டியோடு திரும்பி வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் கிடந்த சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அவர் நாற்காலியைப் போடப் போனபோது சித்தப்பா தடுத்தார்.

"எறக்காத அத. கொள்ளி வைக்கிறவன் தரையிலதான் உக்காரணும். ஒங்கப்பன் இதெல்லாம் சொல்லித் தரலியா?"

அவர் நாற்காலியைப் பாதையோரத்தில் ஒதுக்கி வைத்தார். நான் ஈரக் கல்லில் உட்கார்ந்தேன். அவர் காற்சட்டையை மடித்துவிட்டு எனக்குப் பின்னால் குந்தினார். முழங்கால் நெறிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் குந்தியது எனக்குத் தெரிந்து அன்றுதான்.

தண்ணீர் தெளிப்பார் என்று பார்த்தேன். அவர் சீப்பையும் கத்திரிக்கோலையும் எடுத்தார். காதுக்கு மேலே இருந்து தொடங்கினார். மாலை மாலையாகக் காற்றில் காட்டிய அதே வரிசை. வலப்பக்கம், இடப்பக்கம், பிடரி. நிதானமாக, ஒரு மயிர் தவறாமல் வெட்டினார்.

"மொட்டைக்குக் கத்திரி எதுக்குய்யா? நேரமாச்சு" என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"முடி நீளமா இருக்கு. கொறைச்சாத்தான் கத்தி ஓடும்" என்றார் அவர்.

வெட்டி முடித்ததும் அவருடைய கை பெட்டிக்குள் கண்ணாடியைத் தேடிப் போனது. பிறகு வெறுமனே திரும்பி வந்தது. அந்த முடியை யாரும் பார்க்கவில்லை. நானும்தான். பிறகு அவர் தண்ணீர் தெளித்து, கத்தியை எடுத்து, எல்லாவற்றையும் வழித்தார். தாடியும் மீசையும் போயின. முடி பீலித் தண்ணீரில் சேர்ந்து கானுக்குள் இறங்கியது.

சித்தப்பா கூலியாக அரிசியும் தேங்காயும் ஒரு துண்டும் கொண்டுவந்து தரையில் வைத்தார். அவர் தொடவில்லை. கையை முழங்காலில் ஊன்றி எழுந்தார். என்னிடம் மட்டும், "அப்பா என்னைய 'வாங்க'ன்னு சொன்னாரு தம்பி" என்றார்.

அடுத்த நாள் பால் தெளிக்க வேண்டியிருந்ததால் நான் எங்கும் போக முடியவில்லை. அவர் தனியாகவே ஹட்டனுக்குப் போனார். பஸ் நிலையத்தில் முடி நீளமாக இருந்தவர்களிடம் போய், இலவசமாக வெட்டிவிடுகிறேன், ஒரு மணித்தியாலம் என்னோடு வாருங்கள் என்று கேட்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியோடு வந்து இப்படிக் கேட்டால் யார் போவார்கள்? ஆள் இல்லாமல் செய்ய முடியாது, அடுத்த முறை பார்க்கலாம் என்று பரீட்சகர்கள் நல்ல விதமாகவே சொல்லி அனுப்பினார்கள். மாலையில் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து இதைச் சொன்னார். சபையிலும் கொஞ்சம் தவணை தந்தார்கள். இன்னொரு தடவை வளர்க்கிறேன் என்றேன். "வளரட்டும், வளரட்டும்" என்றார்.

முடி வளர்வதற்குள், தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ்க் கணக்கில் ஒரு கிழவி இறந்துபோனாள். அவளுடைய மகன்கள் கடைக்கே வந்தார்கள். ஏய் என்று கூப்பிடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். "அந்த வீட்டுக்குப் போனீங்கல்ல, எங்க வீட்டுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார்கள். அவர் சுவரைப் பார்த்தார். கையைக் காட்டுவதற்கு ஆணியில் எதுவும் தொங்கவில்லை. போனார். அடுத்த சாவுக்கும் போனார். அதன் பிறகு பக்கத்துத் தோட்டத்துக்கு ஆட்டோ அனுப்புவதையே விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். மேலே லயத்தில் இருந்து யாரோ, "ஏய், பெட்டிய எடுத்துட்டு வா" என்று கத்தினார்கள். அவர் கடைக்குள் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பினார்.

அடுத்த பரீட்சைக்கு நாள் வந்தபோது எனக்கு முடி மறுபடியும் காதை மூடியிருந்தது. கடைக்குப் போனேன். "உக்காருங்க" என்றார். சீப்பால் ஒருமுறை வாரிப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. பீலிக்கரைக்கு எறங்கியாச்சு. இனிமே சுவத்துல என்னத்த மாட்டி யாருக்குக் காட்ட?"

அவர் துணியைக் கழுத்தில் கட்டி, அந்த முடியைப் பரீட்சையில் வெட்டுவது போலவே வெட்டினார். கண்ணாடியைப் பின்னால் பிடித்தார். அன்றைக்கு நான் கண்ணை மூடவில்லை. பார்த்தேன். நன்றாக இருந்தது. "பார்த்தேண்ணே" என்றேன்.

அடுத்த வருடத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. இரும்பு நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டு, மனைவியோடும் மகனோடும் கொழும்புக்குப் போனார். அங்கே யாருடைய சலூனிலோ கூலிக்கு நின்றார். தீபாவளிக்கு எனக்கு ஃபோன் எடுத்துப் பேசுவார். "இங்க யாரும் கூப்பிடுறதில்ல தம்பி. டோக்கன் குடுத்து உக்கார வைக்கிறாங்க" என்று ஒருமுறை சொன்னார். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை என்று சொன்னபோது, அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

இந்த வருடம் மாசி மாதத்தில் அவரைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நின்றபடி வேலை செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சு வலித்து விழுந்தாராம். பெட்டி திறந்திருந்தது. கால்கள் நேராக நீட்டியிருந்தன. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

அவருடைய மகன் இப்போது என் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தான். மொட்டை போட, பக்கத்துத் தோட்டத்துப் பழைய ஆளையே ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். அவருக்கும் வயதாகிவிட்டது. எல்லோரும் பீலிக்கரைக்கு இறங்கினார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சிவப்பு நாற்காலியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. கூச்சமாக இருந்தது. ஆனாலும் நடந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, துண்டால் தட்டினேன்.

"அது என்ன புதுப் பழக்கம்?" என்றார் சித்தப்பா. குரலில் பழைய பலம் இல்லை.

நான் மகனைப் பார்த்து, "உக்காருங்க" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். கத்தி வைத்திருந்தவர் பழக்கத்தில் குந்தப் போனார். நாற்காலியைப் பார்த்தார். அதன் உயரத்துக்குக் குந்தினால் கை எட்டாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நிமிர்ந்து நின்றார்.